சஹனில் தவறிய கை

ரபியா மறக்கிற ஆள் இல்லை. கரைத்தீவில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்றைக்குக் கற்பிட்டிக் கரையில் யார் தண்ணீர் கொடுத்தது, யார் கதவைச் சாத்தியது என்று இன்றைக்கும் பெயர் சொல்லுவாள். தண்ணீர் கொடுத்த வீட்டுக் கலியாணங்களுக்கெல்லாம் முதல் நாளே போய் மாவிடித்துக் கொடுத்திருக்கிறாள். கதவைச் சாத்திய வீட்டு மையித்து அடக்கத்துக்குக்கூடப் போனதில்லை.

காலையில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் அவளுடைய இரண்டாவது வேலை தொடங்கும். புருஷன் ஜெமீலைக் கதிரையில் இருத்தித் தலையைப் பின்னால் சாய்க்க வைப்பாள். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மருந்துப் போத்தல் மூலையில் ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் புதைந்து கிடக்கும். எடுத்துத் துடைத்து, கீழிமையை இழுத்து, ஒரு துளி. பிறகு மூக்கோரம் கண்ணின் முனையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். நோன்பு காலத்தில் அதற்குப் பயந்து ஜெமீல் மருந்தே வேண்டாம் என்று நின்றபோது கிளினிக்கில் நர்ஸ் மிஸ் சொல்லிக்கொடுத்தது அது. அழுத்தியபடியே ரபியா நபி மேல் நூறு ஸலவாத்துச் சொல்லுவாள். அதற்குள் மருந்து ஊறிவிடும்.

வாய் ஸலவாத்துச் சொல்லும். நெஞ்சு முத்தலிபுவை நினைக்கும். அது பாவம் என்று அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாகக் காலையும் பின்னேரமும் அந்தப் பாவத்தை அவள் தவறவிட்டதில்லை.

முத்தலிபு உப்பளத்துக் கங்காணி. ஜெமீல் இருபது வருஷம் அவன் கீழ் உப்பு வாரியவன். உப்பு விளைகிற மாதங்களில் பாத்தியில் விழுகிற வெயில் அப்படியே திரும்பி முகத்தில் அடிக்கும். பத்து மணிக்கே ஆட்களின் கண் செம்பரத்தம்பூ மாதிரி ஆகிவிடும். கண் எரிகிறவன் வரம்பில் போய்க் குந்துவான். குந்தினால் வேலை நிற்கும். அதற்கு முத்தலிபு ஒரு வழி வைத்திருந்தான். எங்கேயோ ஒரு கடையில் டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமலே கிடைத்த கண் மருந்து. சின்ன வெள்ளைப் போத்தல், நீல மூடி. சாப்பாட்டு நேரத்தில் ஆட்களை வரம்பில் வரிசையாக இருத்தி, ஒவ்வொருத்தன் நாடியையும் பிடித்து முகத்தைத் தூக்கி, "கண்ணத் தொற" என்று ராகம் இழுத்து, அவனே விடுவான். ஒரு மணித்தியாலத்தில் கண் வெளுத்துவிடும். ஆட்கள் அவனுக்காக துஆக் கேட்டார்கள். ஜெமீல் நல்ல வேலைக்காரன் என்பதால் அவனுக்கு மட்டும் ஒரு போத்தல் தனியாகக் கிடைத்தது. அதைப் பெரிய வெகுமதி மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தான். ரபியாவே எத்தனையோ நாள் அவனுக்கு அதை விட்டிருக்கிறாள்.

இந்த இடம் வரும்போது மட்டும் அவள் நினைப்பு முத்தலிபுவை விட்டுக் கொஞ்சம் விலகப் பார்க்கும். உடனே இழுத்துப் பிடித்துத் திரும்பவும் அவன் மேலேயே போடுவாள்.

ஆறு வருஷம் அந்த மருந்து போட்டான் ஜெமீல். பிறகு ஒரு நாள் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனான். அடுத்த கிழமை திரும்பவும் போனான். புத்தளத்துக் கண் கிளினிக்கில் பரிசோதித்துவிட்டு, கடையில் வாங்கி ஏதும் போட்டீர்களா என்று டொக்டர் கேட்டார். ரபியா பையிலிருந்து நீல மூடிப் போத்தலை எடுத்து வைத்தாள். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாள் என்று கேட்டார்.

"நாள் இல்ல டொக்டர். வருஷம்."

அவர் போத்தலை ஓரமாக வைத்தார். பிறகு ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டிச் சொன்னார். இந்த மருந்து சிவப்பை எடுக்கும். ஆனால் கேட்பாரில்லாமல் நெடுகப் போட்டால் சில பேருடைய கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும். அழுத்தம் நரம்பைத் தின்னும். ஓரத்திலிருந்து தின்னும். அதனால் ஆளுக்கே தெரியாது. தின்றது திரும்பி வராது. மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். ஜெமீலுக்கு இடது கண் முழுக்கப் போயிருந்தது. வலது கண்ணில் நேர் எதிரே ஒரு சுளகளவு மிச்சம் இருந்தது.

அடுத்த நாளே ரபியா அந்தப் போத்தலோடு உப்பளத்துக்குப் போனாள். வரம்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள். முத்தலிபு சிரித்தான்.

"எல்லாருக்கும்தானே விட்டன். உன்ட மாப்பிளட கண்ணு மட்டும் என்ன சீனிக் கண்ணா, கரஞ்சி போக?"

பிறகு சட்டைப் பையிலிருந்து தன்னுடைய போத்தலை எடுத்து, தலையைத் தூக்கி, இரண்டு கண்ணிலும் இரண்டிரண்டு துளி விட்டுக்கொண்டான். கண்ணீர் வழிய எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"பாத்தீங்களா? நான் குருடா? இனி ஒவ்வொரு நாளும் போடுவன். வந்து பாரு."

ரபியா ஜெமீலுக்கு வரம்புக் காவல் வேலையாவது கொடுக்கச் சொன்னாள். அதற்கு முத்தலிபு சொன்ன பதிலைத்தான் அவள் நாலு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தாள்.

"குருடனுக்கு உப்பளத்தில என்ன வேல?"

அன்றிலிருந்து ஆட்கள் ஒவ்வொருத்தராக அந்த மருந்தை நிறுத்தினார்கள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தூரப் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். முத்தலிபு மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். தினமும் மத்தியானம் வரம்பில் நின்று, எல்லாரும் பார்க்க, தன் கண்ணில் தானே விட்டுக்கொண்டான். பக்கத்து உப்பளம் ஹிஷாமுடையது. அவன் ஜெமீலுக்குச் சாக்கு வாய் தைக்கிற வேலை கொடுத்தான். ஊசி, நூல், சாக்கு. மூன்றுக்கும் கை போதும்.

சென்ற வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து அடுத்த கிழமை ஊரில் ஒரு கலியாணம். ஆண்களுக்குச் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். அவனவன் முன்னால் இருக்கிற சோற்றை அவனவன் உண்ண வேண்டும். ஜெமீல் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்தான்.

"என்ன?"

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கா மூஞ்சி இப்பிடி இரிக்கி?"

மெல்லச் சொன்னான். சஹனில் அவனுக்கு வலப் பக்கத்தில் முத்தலிபு இருந்திருக்கிறான். குரல் கேட்கும்வரை ஜெமீலுக்கு அது தெரியாது. பாதிச் சாப்பாட்டில் கையும் கையும் முட்டிக்கொண்டன. முத்தலிபு உரத்துச் சொன்னான்: "ஜெமீலு, உன்ட பக்கத்த தின்னு வாப்பா. மத்தவன்ட எறச்சிய நோண்டாத." ஐந்து பேரும் சிரித்தார்கள். அடுத்த சஹனிலும் சிரித்தார்கள். ஜெமீல் அதோடு கை கழுவிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

ரபியா இடியப்பத் தட்டுகள் வைக்கிற பெரிய சுளகை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"காட்டுங்க."

"என்னத்த?"

"எப்பிடி இருந்தீங்க, எங்க கை வெச்சீங்க, எல்லாம் காட்டுங்க."

வெளியில் சாப்பிடுவதற்கு அவள்தான் அவனைப் பழக்கியிருந்தாள். இடது கைப் பெருவிரலைத் தட்டின் விளிம்பில் தன் எல்லையில் ஊன்ற வேண்டும். வலது கை அந்த விரலுக்கு நேரே போய் நேரே வர வேண்டும். பக்கவாட்டில் ஒரு அங்குலமும் அசையக் கூடாது. ஆறு மாதம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவன். சுளகு விளிம்பில் பெருவிரலை ஊன்றி, கையை நேரே கொண்டுபோய் நேரே கொண்டுவந்தான். இரண்டு தரம். மூன்று தரம்.

"எங்க முட்டிச்சி?"

"இங்க." தன் வாய்க்கு நேரே, தன் பங்குச் சோற்றுக்கு நடுவில் காட்டினான்.

ரபியா அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முதலில் மெல்ல. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"என்னத்துக்குடி சிரிக்கிற?"

"உங்கட கை எங்கயும் போகல்ல. அவருட கைதான் வந்திரிக்கி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கும் வந்திட்டுது. இடப் பக்கம் தெரியுதில்ல அவருக்கு."

அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒரு வேலையாகப் போனது. கடைத்தெருவில் முத்தலிபு வந்தால் நின்று பார்ப்பாள். பள்ளிவாசல் வாயில் தூணில் இடது தோளை இடித்துக்கொண்டு தூணை முறைத்ததைப் பார்த்தாள். பக்கத்தால் வந்த முச்சக்கர வண்டிக்காரனை ஹோன் அடிக்கவில்லை என்று ஏசியதைக் கேட்டாள். அவன் ஹோன் அடித்ததை முழுத் தெருவும் கேட்டிருந்தது. படியில் முத்தலிபு முதலில் காலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினான். ஜெமீலின் முதல் வருஷம் அப்படியே திரும்பி நடந்துகொண்டிருந்தது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மாதக் கணக்கில் தெரியும். அந்த ஆளுக்கு மட்டும் தெரியாது. மத்தியானம் வரம்பில் நின்று இன்னும் நீல மூடியைத் திறந்துகொண்டிருந்தான்.

சொல்ல வேண்டியதை நாலு வருஷத்துக்கு முன்னமே சொல்லியாகிவிட்டது என்று அவள் வைத்துக்கொண்டாள். ஒரு தரம் சொன்னேன், சிரித்தான். இனி அவன் பாடு. ஸலவாத்து நூறு முடிந்த பிறகும் சில நாள் விரலை எடுக்க மறந்து அப்படியே நின்றாள். அவ்வளவு சுகமாக இருந்தது.

மாசி மாதக் கிளினிக்கில் முத்தலிபுவும் வந்திருந்தான். கூட அவன் மனைவி றஹ்மத் உம்மா. கண்ணில் வெள்ளை படர்கிறது, வெட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல. டொக்டரின் அறைக்குள் சுவரோர வாங்கில் ரபியாவும் ஜெமீலும் அடுத்த ஆளாக இருந்தார்கள். அவனுக்கு இடப் பக்கம் என்பதால் முத்தலிபு அவர்களைப் பார்க்கவில்லை.

டொக்டர் கண்ணைப் பார்த்தார். கருவியை வைத்து அழுத்தத்தை அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"கண்ணுக்கு ஏதும் மருந்து போடுறீங்களா? கடையில வாங்கி?"

ரபியா பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். அடியில் அந்தப் பழைய போத்தல் இருந்தது. நாலு வருஷமாக அதை அவள் எங்கேயும் வைத்துவிட்டு வந்ததில்லை.

"இல்ல டொக்டர்," என்றான் முத்தலிபு. "ஒண்டும் போடுறல்ல."

ஓம் என்று சொன்னால் ரபியா சொன்னது சரியாகிவிடும். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவன் கண்ணைக் கொடுத்தான். அழுத்தம் கூட இருக்கிறது, மருந்து எழுதுகிறேன், இரண்டு கிழமையில் வாருங்கள் என்றார் டொக்டர். அது என்ன ஆகும் என்று ரபியாவுக்குத் தெரியும். ஒரு மருந்து இறக்கும். மத்தியானம் வரம்பில் மற்றது ஏற்றும்.

ஜெமீல் முழங்கையால் இடித்தான். "போத்தல் பையில இரிக்கா?"

"இல்ல," என்றாள்.

அவன் பைப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். பஸ்ஸில் வீடு வரும்வரையும் அப்படியே இருந்தான்.

பின்னேரம் அவள் சட்டியிலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு வந்தபோது ஜெமீல் கதிரையில் இருந்தான். தலையைச் சாய்த்தான். கண்ணை மட்டும் திறக்கவில்லை.

"தொறங்க."

"மாட்டன்."

"என்ன வெளயாட்டு இது?"

"போய் அவனுக்குச் சொல்லிட்டு வா. அப்புறம் தொறக்கிறன்."

ரபியாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. "அவருக்கா? அந்த மனுசனுக்கா பரிஞ்சி பேசுறீங்க? உங்களுக்கு ரோசம் இல்லியா?"

"ரோசம் இரிக்கிறதாலதான் சொல்றன்." கண்ணை மூடியபடியே பேசினான். "அவன் குருடாகினா உனக்கு மனசு குளிரும். எனக்கு என்ன கெடைக்கிற? குருடனுக்கு உப்பளத்தில என்ன வேல எண்டு கேட்டான். நான் ஒரு நாளைக்கு நூறு சாக்குத் தைக்கிறன். அவன்ட வரம்புக்கு நேரே இருந்து தைக்கிறன். அத அவன் பாக்கணும் புள்ள. சாகும்வரைக்கும் பாக்கணும். கண்ணில்லாதவனுக்கு நான் எப்பிடிக் காட்டுற?"

ரபியா போத்தலோடு நின்றாள். இந்த மனுஷன் நாலு வருஷமாகச் சும்மா சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"மருந்துக்கு நேரம் போகுது," என்றாள்.

"ஓம். போகுது."

மருந்தைத் திரும்பவும் மணலுக்குள் புதைத்தாள். பையை எடுத்தாள்.

முத்தலிபுவின் வீடு பெரிய தெருவுக்கு அந்தப் பக்கம். றஹ்மத் உம்மாதான் கதவைத் திறந்தாள். அழுதிருந்தாள். "வா ரபியா" என்று உள்ளே கூப்பிட்டாள். முத்தலிபு கதிரையில் இருந்தான். ரபியா அவனுக்கு நேர் எதிரே போய் நின்று, பழைய போத்தலையும் ஜெமீலின் கிளினிக் கொப்பியையும் அவன் மடியில் வைத்தாள்.

அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். "முத்தலிபு நானா, இண்டைக்கி டொக்டருக்குப் பொய் சொன்னீங்க. நான் அங்கதான் இருந்தன்."

"நீ ஆரு எனக்குக் கேக்க? எனக்குக் கண்ணில வெள்ள. அவ்வளவுதான். உன்ட கதய வேற எங்கயாவது போய்ச் சொல்லு."

"கண்ணு தெரியுதுதானே?"

"உன்னத் தெரியுது. நல்லாத் தெரியுது."

"அப்ப என்ட முகத்தயே பாருங்க. திரும்பப் படாது." ரபியா றஹ்மத் உம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவனுடைய இடப் பக்கத்தில், ஒரு கை நீளத்தில் நிறுத்தினாள். வாயில் விரல் வைத்துச் சைகை காட்டினாள். "இப்பச் சொல்லுங்க. உங்கட இடப் பக்கத்தில என்ன இரிக்கி?"

முத்தலிபு ரபியாவின் முகத்தையே பார்த்தான்.

"என்ன இரிக்கிற? செவரு."

றஹ்மத் உம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கட பொஞ்சாதி நிக்கிறா," என்றாள் ரபியா. "நாப்பது வருசம் சோறு போட்ட மனுசி. அழுதுகொண்டு நிக்கிறா."

அவன் முழுத் தலையையும் திருப்பினான். மனைவியின் முகம் அவ்வளவு கிட்ட இருந்ததைக் கண்டு உடம்பு தூக்கிப் போட்டது. கிளினிக் கொப்பி மடியிலிருந்து விழுந்தது. ரபியா அதை எடுக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் நாலு வருஷம். பார்த்தாள். ஒரு இடமும் விடாமல் பார்த்தாள்.

"சஹனில கை வெச்சது ஆருண்டு இப்ப விளங்குதா?"

றஹ்மத் உம்மா அலுமாரியைத் திறந்து, மூடி உடைக்காத மூன்று போத்தலையும் அவன் சட்டைப் பையிலிருந்ததையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் திறந்து மருந்தைக் கொட்டினாள்; நீல மூடிகள் மணலில் விழுந்தன.

"நாளைக்கே டொக்டர்ட்ட போங்க," என்றாள் ரபியா. "உங்கட வாயால சொல்லுங்க, எத்தின வருசம் போட்டண்டு. ஆருக்கெல்லாம் விட்டண்டும் சொல்லுங்க. மிச்சம் இரிக்கிறதாவது நிக்கும். உங்கள மன்னிச்சி சொல்றதா நெனைக்காதீங்க. மன்னிக்கல்ல."

வாசலில் செருப்பைப் போட்டவள் திரும்பினாள். அவன் இன்னும் கதிரையில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தான்.

"கண்ணத் தொற," என்றாள், அவனுடைய அதே ராகத்தில்.

வீட்டில் ஜெமீல் அதே கதிரையில் இருந்தான். மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். செவரு என்று சொன்ன இடத்தை இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னான். சொன்னாள். தலையைச் சாய்த்துக் கண்ணைத் திறந்தான். ஒரு துளி. விரலால் அழுத்திப் பிடித்து ஸலவாத்தைத் தொடங்கினாள். முப்பதிலோ நாற்பதிலோ எண்ணிக்கை தவறியது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

முத்தலிபு டொக்டரிடம் போனான் என்று றஹ்மத் உம்மா ஆள் அனுப்பிச் சொன்னாள். இப்போது அவனுக்கும் காலையும் பின்னேரமும் மருந்து. வேலையை விடவில்லை. வரம்பில் நிற்கிறான். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் ஆந்தை மாதிரி முழுத் தலையையும் திருப்புகிறான்.

பன்னிரண்டு மணிக்கு ரபியா ஜெமீலுக்குச் சோறு கொண்டுபோவாள். அவன் ஹிஷாமின் உப்பளத்து ஓரத்தில், முத்தலிபுவின் வரம்புக்கு நேரே, உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பான். ஊசி போய் வரும் வேகத்துக்குக் கண்ணுள்ளவனாலேயே ஈடு கொடுக்க முடியாது. தலையைத் தூக்காமல் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"பாக்கிறானா?"

ஒரு நாள் முத்தலிபு மற்றப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். வேண்டுமென்றே நின்றான் என்றும் சொல்லலாம். ரபியா சோற்றுப் பெட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் வாயோரம் குவித்தாள்.

"முத்தலிபு நானா!"

இரண்டு உப்பளத்து ஆட்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். முத்தலிபுவின் தலை மெல்லத் திரும்பியது. வெள்ளைப் பாத்திகளைத் தாண்டி, குவியல்களைத் தாண்டி, தேடித் தேடி வந்து, கடைசியில் சாக்கில் நின்றது.

"இப்பப் பாக்கிறாரு," என்றாள்.

ஜெமீல் நூலை இழுத்து இறுக்கி, பல்லால் கடித்து அறுத்தான். அடுத்த சாக்கை எடுத்தான்.